ஸ்போர்ட்ஸ் காரை ட்ரோனில் படமெடுக்க: முதன்முறை இறங்குபவர்களுக்கு

சாலையில் சீறிப் பாயும் காரை ட்ரோன் துரத்துகிற காட்சியைப் பார்த்துவிட்டு நாமும் எடுக்கலாம் என்று இறங்குகிறவர்கள் முதலில் கேட்பது, "இந்த ட்ரோன் எவ்வளவு வேகம் போகும்?" என்றுதான். நியாயமான கேள்வி. ஆனால் அதன் பின்னாலேயே போனால் தேவையில்லாத செலவும் தேவையில்லாத ஆபத்தும் வந்து சேரும். திரையில் 120-இல் பறப்பதுபோல் தெரிகிற கார், எடுக்கிற நேரத்தில் 40-இல் போனால் போதும். கேமரா நிற்கிற உயரமும், குறுக்கே ஓடி மறைகிற மரமும் மைல்கல்லும், சாலையின் வெள்ளைக் கோடும் மீதி வேகத்தைக் கொடுத்துவிடும்.

சோதித்துப் பாருங்கள். 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் காரை 40 மீட்டர் உயரத்திலிருந்து பின்தொடர்ந்தால் அது ஊர்வதுபோல் இருக்கும். அதே கார், அதே வேகம், ட்ரோன் மட்டும் 3 மீட்டர் உயரத்தில், கொஞ்சம் பக்கவாட்டில். சாலைக் கோடுகள் கேமராவுக்குக் கீழே தெறித்து ஓடும். இது பிடிபட்டுவிட்டால் கீழே சொல்லப்போகிற எல்லாமே சுலபம்.

நிஜமாகவே 300-ஐத் தாண்டும் காரைத் துரத்தியவர்களும் உண்டு. 2024-இல் சில்வர்ஸ்டோன் தடத்தில் மேக்ஸ் வெர்ஸ்டப்பன் ஓட்டிய ஃபார்முலா 1 காரைத் துரத்துவதற்காக ரெட் புல் தரப்பு தனியாக ஒரு ட்ரோனையே உருவாக்கியது. அது வேறு உலகம். நாம் 40-க்கே வருவோம்.

ட்ரோன்

புதிதாகத் தொடங்குகிறவருக்கு டிஜேஐ நிறுவனத்தின் மினி 3 ப்ரோ, மினி 4 ப்ரோ அளவிலான ட்ரோன் தாராளம். ஸ்போர்ட் மோட் எனும் அதிவேக நிலையில் இவை நொடிக்கு 16 மீட்டர், அதாவது மணிக்கு சுமார் 57 கிலோமீட்டர் போகும். அதே நிறுவனத்தின் பெரிய ட்ரோன்களான ஏர் 3, மேவிக் 3 என்றால் நொடிக்கு 21 மீட்டர், மணிக்கு 75. ஆனால் இதெல்லாம் காற்றில்லாத நேரத்துக் கணக்கு. எதிர்க்காற்று நொடிக்கு 5 மீட்டர் அடித்தால் மினியின் 16 வெறும் 11 ஆகிவிடும், மணிக்கு 40. கடலோரச் சாலையில் மதியத்துக்கு மேல் அப்படிக் காற்றடிப்பது சாதாரணம்.

இன்னொன்று, ஸ்போர்ட் மோடுக்குப் போனவுடன் தடைகளைக் கண்டு நிற்கும் சென்சார்கள் வேலை செய்யாது. ஸ்டிக்கைச் சற்றுத் தொட்டாலும் ட்ரோன் துள்ளும், காட்சியும் சேர்ந்து துள்ளும். அதனால் சாதாரண மோடிலேயே பழகுங்கள். இந்தச் சின்ன ட்ரோன்கள் அதில் நொடிக்கு 10 முதல் 12 மீட்டர் வரை போகும். கார் மணிக்கு 35 முதல் 40-க்குள் இருந்தால் கூடவே வந்துவிடும்.

இந்தியாவில் பறக்கவிடுகிறவர்கள் எடையையும் பார்க்க வேண்டும். 2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராம் வரை உள்ளவை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. நானோவுக்கு பைலட் சான்றிதழ் வேண்டாம், மூன்றாம் நபர் காப்பீடும் கட்டாயமில்லை. மைக்ரோவுக்குக் காப்பீடு வேண்டும்; காசு வாங்கிக்கொண்டு எடுப்பதாக இருந்தால் பைலட் சான்றிதழும் வேண்டும். மினி வகை 249 கிராம். அதில் பெரிய பேட்டரியைப் போட்டாலோ, இறக்கைக் காப்பு மாட்டினாலோ 250-ஐத் தாண்டி மைக்ரோ ஆகிவிடும். கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார். எந்த வகையாக இருந்தாலும் பதிவு செய்து தனி அடையாள எண் வாங்கியிருக்க வேண்டும். 2022 பிப்ரவரியிலிருந்து வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்குத் தடை இருப்பதால், வாடகைக்கோ பழையதாகவோ எடுக்கும்போது "அடையாள எண் இருக்கிறதா அண்ணா?" என்று முதலில் கேளுங்கள். மழுப்பினால் வேறு ஆளைப் பாருங்கள்.

இடம்

பாதி வேலை இதில்தான். ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் எல்லாருக்கும் மனதில் வருவது சென்னையிலிருந்து கடலோரமாகப் போகும் ஈசிஆர், அடுத்தது மலைப்பாதை. இரண்டுமே தொடங்குகிறவருக்குச் சரிவராது.

ஈசிஆரை எடுத்துக்கொள்ளுங்கள். மாமல்லபுரத்தில் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்கள், அதைத் தாண்டினால் கல்பாக்கம் அணுமின் நிலையம். நடுவே கிடைக்கிற இடத்திலும் பேருந்து, இருசக்கர வாகனம், கடற்கரைக்கு வந்த குடும்பங்கள். வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகள் மேலிருந்து அற்புதமாகத் தெரியும், மறுக்கவில்லை. ஆனால் அது ஆனைமலைப் புலிகள் காப்பகத்துப் பக்கம். கல்லட்டி மலைப்பாதையில் இறங்கினால் முதுமலை. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே ட்ரோனைப் பையிலிருந்து எடுக்கவே கூடாது. நம் ஊரில் ஆசைப்படுகிற சாலைகள் பலவற்றுக்கும் இதுதான் கதி.

அப்படியானால் எங்கே? நான் சொல்வது லே-அவுட் சாலைகள். ஊருக்கு வெளியே மனை போட்டு, தார் ரோடும் போட்டு, இன்னும் வீடு வராத இடங்கள் எல்லா மாவட்டத்திலும் இருக்கின்றன. உரிமையாளரிடமோ புரமோட்டரிடமோ கேட்டால் ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேரம் தரத் தயங்க மாட்டார்கள். தங்கள் மனையும் வீடியோவில் வரட்டும் என்று நினைப்பார்கள். புதுத் தார், கறுப்பு, போக்குவரத்து இல்லை. கல்லூரி வளாகத்தின் உட்சாலைகளும் நல்லவை, ஆனால் அங்கே ஸ்பீடு பிரேக்கர் அதிகம். தாழ்வான காருக்கு அது பெரிய தலைவலி; ஒருமுறை அடிப்பாகம் உரசினால் உரிமையாளர் அன்றைக்கே வண்டியைத் திருப்பிவிடுவார். கையில் கொஞ்சம் பணமிருந்தால் இருங்காட்டுக்கோட்டையில் உள்ள மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட், கோவைப் பக்கம் செட்டிபாளையத்து கரி மோட்டார் ஸ்பீட்வே போன்ற பந்தயத் தடங்களில் நேரம் கேட்டுப் பார்க்கலாம்.

சாலை எவ்வளவு நீளம் வேண்டும்? 500 மீட்டர் போதும். மணிக்கு 40 என்றால் நொடிக்கு 11 மீட்டர். 500 மீட்டரைக் கடக்க 45 நொடி. வேகமெடுக்கவும் பிரேக் பிடிக்கவும் இரு முனையிலும் நூறு நூறு மீட்டர் போனாலும் 25 நொடிக்கு மேல் உருப்படியான காட்சி மிஞ்சும். முடித்த வீடியோவில் ஒரு ஷாட் 3, 4 நொடிதான் நிற்கப்போகிறது.

இடம் முடிவானதும், எங்கே ட்ரோன் பறக்கலாம் என்று காட்டும் மத்திய அரசின் டிஜிட்டல் ஸ்கை வான்வெளி வரைபடத்தைத் திறங்கள். பச்சை மண்டலம் என்றால் 400 அடி வரை தனி அனுமதி இல்லாமல் பறக்கலாம்; விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் என்றால் 200 அடி வரை. மஞ்சளுக்கு விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் அனுமதி, சிவப்புக்கு மத்திய அரசின் அனுமதி. கோவைக்காரர்கள் பீளமேட்டையும் சூலூர் விமானப்படைத் தளத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்; சென்னையில் மீனம்பாக்கமும் தாம்பரமும். முக்கியப் பிரமுகர் வருகை என்றால் திடீரென்று ட்ரோன் தடை அறிவிப்பு வரும், ஆகவே முந்தின நாள் மாலை ஒருமுறை, கிளம்பும்போது ஒருமுறை பாருங்கள். பக்கத்துக் காவல் நிலையத்தில் ஒரு கடிதம் கொடுத்து வைப்பது நல்லது. யாராவது போன் போட்டு "ட்ரோன் பறக்குது சார்" என்று சொன்னால், வந்து கேட்கிற காவலருக்கு விஷயம் முன்பே தெரிந்திருக்கும்.

பொதுச்சாலையில் காரை விரட்டி ஓட்டிப் படமெடுப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவு, அரசின் எழுத்துமூல ஒப்புதல் இல்லாமல் பந்தயமோ வேகச் சோதனையோ நடத்துவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்குகிறது. அப்படி எடுத்த வீடியோவை நாமே வெளியிட்டால் சாட்சியையும் நாமே தயாரித்துக் கொடுத்த மாதிரி.

முந்தின நாள் ஒருமுறை நடந்து பாருங்கள்

ட்ரோன் பறக்கப்போகிற பாதை முழுக்கக் கால்நடையாகப் போங்கள். தேட வேண்டியது ஒன்றே ஒன்று: கம்பிகள். இ.பி. லைன், கேபிள் டிவி வயர், கம்பத்துக்கு முட்டுக் கொடுக்கும் இழுவைக் கம்பி. மெல்லிய கம்பி ட்ரோன் சென்சாருக்குத் தெரியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள், அது எந்த விலை ட்ரோனாக இருந்தாலும். போனில் அந்தச் சாலையின் ஒரு படம் வரைந்து, கம்பி குறுக்கே போகிற இடங்களைக் குறித்துக்கொண்டால் மறுநாள் பதற வேண்டியதில்லை.

சாலை ஏற்றமாக இருந்தால் இன்னொரு பொறி உண்டு. திரையில் தெரிகிற உயரம் ட்ரோன் கிளம்பிய இடத்திலிருந்து கணக்கிடப்படுவது. 5 மீட்டர் என்று காட்டிக்கொண்டே இருக்கும், சாலை 4 மீட்டர் ஏறியிருக்கும், இடைவெளி 1 மீட்டர்தான் மிச்சம். ஏற்றத்தில் எடுப்பதானால் மேட்டிலிருந்து கிளப்பிப் பள்ளத்தை நோக்கிப் பறங்கள்.

சிக்னல் போனால் ட்ரோன் என்ன செய்ய வேண்டும் என்பதையும் இடத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். வெட்டவெளி என்றால், சுற்றியுள்ள மிக உயரமான மரத்தைவிட 15 மீட்டராவது அதிகமாகத் திரும்பும் உயரத்தை வைத்துவிட்டுத் திரும்பி வரச் சொல்லலாம். புளியமரங்கள் கூடாரம் போட்ட சாலை என்றால் அந்த அமைப்பே எமன். சிக்னல் விட்டதும் ட்ரோன் நேராக மேலே ஏறிக் கிளையில் மோதும். அங்கே "அப்படியே நில்" என்று மாற்றிவையுங்கள்.

கேமரா

தானியங்கி முறையை அணைத்துவிடுங்கள். கார் நிழலுக்குள் போகும்போதும் வெளியே வரும்போதும் வெளிச்சம் ஏறி இறங்கினால் அந்த ஷாட்டை எடிட்டில் ஒன்றும் செய்ய முடியாது. வெள்ளைச் சமநிலையை, அதாவது படத்தின் நிறச் சாயலை, 5500 கெல்வின் அளவில் பூட்டுங்கள். நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் (ஒரு ஃபிரேமுக்கு வெளிச்சம் விழும் நேரம்) 1/50 நொடி, ஐஎஸ்ஓ (சென்சாரின் வெளிச்ச உணர்திறன்) 100. ஷட்டரை ஃபிரேம் எண்ணிக்கையின் இரு மடங்கில் வைக்கும் இந்தப் பழைய வழக்கம் கார் படத்துக்குக் கட்டாயம் என்றே சொல்வேன். 1/2000-இல் எடுத்தால் சக்கரத்தின் ஒவ்வொரு கம்பியும் கத்தியால் வெட்டியதுபோல் தெரியும், சில நேரம் சக்கரம் பின்னோக்கிச் சுற்றும். 1/50-இல் சக்கரமும் சாலையும் இழைந்து ஓடும். வேகம் தெரிவது அந்தக் குழைவில்தான்.

ஆனால் நம் வெயிலில் 1/50 வைத்தால் படம் வெளுத்துப்போகும், அதனால் லென்ஸ் மேல் மாட்டி வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடியான என்டி ஃபில்டர் தேவை; என்டி 16 என்றால் 16 மடங்கு குறைக்கும். கணக்கு எளிது. நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100, லென்ஸ் துவாரம் எஃப் 16 (எண் குறையக் குறையத் துவாரம் பெரிது) என்றால் ஷட்டர் 1/100. மினியின் லென்ஸ் எஃப் 1.7, அதைத் திறந்து மூட முடியாது. அது சுமார் 90 மடங்கு அதிக வெளிச்சத்தை உள்ளே விடும், 1/9000 பக்கம் போகும். அங்கிருந்து 1/50-க்கு வர ஏறக்குறைய 180 மடங்கு குறைக்க வேண்டும். ஆகவே பத்து மணி வெயிலில் என்டி 128, அல்லது 256. காலை ஏழு மணிக்கு என்டி 16-உம் 32-உம் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஃபில்டர் தொகுப்பு வாங்கும்போது 64-உடன் நின்றுவிடுகிற மலிவுத் தொகுப்பை எடுக்காதீர்கள்.

சரி, அதைவிட நல்ல வழி வெயில் ஏறுவதற்கு முன் முடித்துக்கொள்வது. நம் பக்கம் சூரியன் சட்டென்று மேலே போய்விடும். பொன் வெளிச்சம் உதயத்துக்குப் பிறகு அரை மணி, முக்கால் மணிதான். கார் ஒரு நடமாடும் கண்ணாடி என்பதை மறக்காதீர்கள். உச்சி வெயிலில் பானட்டில் ஒரு வெள்ளைப் பொட்டு எரியும், ட்ரோனின் நிழலும் சாலையில் கூடவே ஓடி வரும். காலைச் சூரியன் பக்கவாட்டில் விழுந்தால் காரின் பக்கவாட்டில் நீளமாக ஓடும் தோள் கோடு தானாகவே எழுந்து நிற்கும். மஞ்சள், சிவப்புக் கார்கள் நம் ஊர்ப் பச்சைக்கு நன்றாக எடுபடும். வெள்ளைக் காருக்கு வெளிச்ச அளவைக் கொஞ்சம் குறைத்தே வையுங்கள். போர்ஷேவோ பிஎம்டபிள்யூ இசட்4-ஓ, எதுவானாலும் புதுக் காரில் எல்இடி விளக்குகள்தான். சிலவற்றின் விளக்கு கேமராவில் மினுக்கும். முதல் ஓட்டத்தை எடுத்ததும் திரையைப் பெரிதாக்கிப் பாருங்கள், மினுக்கினால் ஷட்டரை 1/60-க்கோ 1/100-க்கோ நகர்த்துங்கள்.

நான்கு ஆள் வேண்டும்

ட்ரோன் இயக்குபவர், காரோட்டி, இவர்களைத் தவிர வானத்தையும் சாலையையும் மட்டும் பார்க்க ஒருவர். திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணுக்குக் குறுக்கே வரும் மாடு தெரியாது. அந்த மூன்றாமவர் "நிறுத்து" என்றால் காரணம் கேட்காமல் நிறுத்த வேண்டும், இதை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். காரில் பேச்சுக்கு ஒரு வாக்கி டாக்கி, அதுவும் பக்கத்து இருக்கையில் உட்காரும் நான்காமவர் கையில். ஓட்டுநர் போன் பிடிக்கக் கூடாது.

ஓட்டுநருக்குச் சொல்ல வேண்டியவை கொஞ்சம்தான். வேகத்தை மாற்றாதீர்கள், வேகத்தைத் தானே நிலையாக வைக்கும் க்ரூஸ் கன்ட்ரோல் 40-இல் வேலை செய்தால் போட்டுவிடுங்கள். ட்ரோனைப் பார்க்காதீர்கள். ட்ரோன் கிட்ட வந்தாலும் ஒதுங்காதீர்கள், விலகுவது என் வேலை. நேர்க்கோட்டில் போங்கள். சொந்தக் கார் வைத்திருப்பவர்களுக்கு இது கஷ்டம், பின்னால் கேமரா வருகிறது என்றதும் கால் தானாக அழுத்தும். அப்போது எடுத்த முதல் ஷாட்டைப் போட்டுக் காட்டுங்கள். 40-இல் போன கார் திரையில் எப்படித் தெரிகிறது என்று கண்ணால் பார்த்தால் அடங்கிவிடுவார்கள்.

ஷாட்களை எந்த வரிசையில் எடுப்பது

முதலில் ட்ரோனை அசைக்கவே வேண்டாம். சாலை ஓரத்தில் 2 மீட்டர் உயரத்தில், சாலையிலிருந்து 5 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். கார் வந்து கடந்து போகட்டும். பழகாதவர்கள் இதை ஷாட்டாகவே மதிப்பதில்லை. எடிட்டில் அதிகம் கைகொடுப்பது இதுதான். அடுத்தது 40 மீட்டர் உயரத்தில் கேமரா நேர்க்கீழாக, சாலையின் நடுக்கோட்டுக்கு மேல். கார் சட்டகத்துக்குள் நுழைந்து வெளியேறட்டும். கொண்டை ஊசி வளைவு கிடைத்தால் இது ஒன்றே போதும்.

அப்புறம் பின்தொடர்வது. இதற்கு முந்தின வாரமே ஒரு நண்பரை ஸ்கூட்டியில் ஓட்டச் சொல்லிப் பழகியிருக்க வேண்டும். ஸ்டிக்கின் வேகத்தையும் திருப்பத்தையும் செயலியில் பாதியாகக் குறைத்து வையுங்கள், அப்போதுதான் கை நடுக்கம் படத்துக்கு வராது. பின்தொடரும்போது ட்ரோன் ஒருபோதும் காருக்கு நேர் மேலே இருக்கக் கூடாது. பின்னால் 8 மீட்டர், பக்கவாட்டில் 5 மீட்டர், உயரம் 3 அல்லது 4. காற்று அடிக்கும் திசையைப் பார்த்து, ட்ரோன் கைவிட்டால் காரைவிட்டு விலகி விழும் பக்கமாக நில்லுங்கள்.

பக்கவாட்டு ஷாட்தான் என் தேர்வு. காரும் ட்ரோனும் இணையாகப் போக, நடுவே மரங்களோ வேலிக் கம்பங்களோ இருந்தால் அவை விர் விர் என்று குறுக்கே போகும்; வேகம் பொத்துக்கொண்டு வரும். ஏர் 3-இல் இருப்பதுபோல் தூரத்தைக் கிட்ட இழுத்துக் காட்டும் 70 மில்லிமீட்டர் லென்ஸ் இருந்தால் அதில் எடுங்கள். தூரத்தில் பாதுகாப்பாக நின்றுகொண்டே பின்னணியை வேகமாக ஓடவிடலாம்.

காருக்கு முன்னால் பின்னோக்கிப் பறக்கும் ஷாட் எல்லாருக்கும் பிடிக்கும், காரின் முகம் முழுசாகத் தெரியும். ஆனால் ட்ரோன் போகும் திசை உங்கள் திரையில் தெரியாது. மூன்றாமவர் அந்த முனையில் நின்று சொல்லிக்கொண்டே இருந்தால் ஒழிய இதை ஆரம்பத்தில் தொட வேண்டாம். தானாகவே காரைப் பின்தொடரும் வசதியும் அப்படித்தான். திறந்த வெளியில் கைகொடுக்கும், மரத்தடியில் காரை விட்டுவிட்டு நிழலைப் பிடித்துக்கொண்டு போகும்.

எப்போதும் ட்ரோன் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருக்கட்டும். வேறொரு காரில் உட்கார்ந்து துரத்தியபடி இயக்குவதைப் பார்த்திருப்பீர்கள். கிளம்பிய இடம் பின்னால் போய்க்கொண்டே இருக்கும், திரும்பு என்றால் அங்கேதான் திரும்பும். சாலையின் நடுப்பகுதியில் ஓரமாக நின்று இருபுறமும் 250 மீட்டர் எடுப்பதே போதும். பருந்து வட்டமிட ஆரம்பித்தால் இறக்கிவிட்டு டீ குடித்துவிட்டு வாருங்கள். பேட்டரி 30 சதவீதம் வந்ததும் இறக்குங்கள். சூடாக இருக்கும் பேட்டரியை அப்படியே சார்ஜில் போடாதீர்கள், வெயிலில் நிற்கும் காருக்குள்ளும் வைக்காதீர்கள்.

சத்தம், எடிட்

ட்ரோன் எடுக்கும் வீடியோவில் காரின் சத்தம் கிடைக்காது. அதனால் கார் போவதற்கு முன் தனியாக ஒலி எடுத்துவிடுங்கள்: சாலையோரத்தில் வைத்த போனில் கடந்து போகும் சத்தம், புகைபோக்கிக்கு ஒரு மீட்டர் பின்னால் நின்று எஞ்சின் ஏறி இறங்கும் சத்தம், உள்ளே கியர் மாறும் சத்தம். நின்ற இடத்தில் எஞ்சினை முறுக்கி எடுத்த சத்தத்தைச் சேர்த்தால், திரையில் கார் 40-இல்தான் போயிருந்தாலும் காதுக்கு 120 கிடைத்துவிடும். காற்றைத் தடுக்க போனின் மைக் மேல் ஒரு கைக்குட்டையைச் சுற்றினால் போதும்.

எடிட்டில் பின்தொடரும் ஷாட்களை 115 முதல் 130 சதவீதம் வேகமாக்கலாம். அதற்கு மேல் போனால் மரக்கிளையும் துணிக்கொடியும் படபடத்துக் காட்டிக்கொடுத்துவிடும். நிலையாக நின்று எடுத்த ஷாட்டுகளை வேகப்படுத்தாதீர்கள். தாழ்வான ஷாட், உயரமான ஷாட் என்று மாற்றி மாற்றி வெட்டுங்கள். உயரத்திலிருந்து மெதுவாகத் தெரிந்த கார், அடுத்த வெட்டில் 2 மீட்டர் உயரத்தில் கடக்கும்போது இன்னும் சீறும். ரீல்ஸுக்கும் வேண்டுமென்றால் 4கே-யில் எடுத்து, கார் சட்டகத்தின் நடுவில் இருக்குமாறு பார்த்துக்கொண்டால் நெட்டுக்குத்தாக வெட்டும்போது மூக்கு போகாது. காரைத் திருப்பி அனுப்புவதற்கு முன்பே கார்டை மடிக்கணினியில் ஏற்றி, ஒவ்வொரு கிளிப்பையும் ஓட்டிப் பாருங்கள். விட்டுப்போன ஷாட்டுக்காக அந்தக் காரை மறுபடி கேட்பது லேசில் நடக்காது.